வேரோடு வந்த கிண்ணங்கள்

ஏழாவது கிண்ணத்தை யுன்னியாங் முள்ளங்கிப் பாத்தியிலிருந்து பிடுங்கியபோது அதன் அடியில் வேர் இருந்தது. முதல் ஆறையும் யாரோ புதைத்துவைத்தவை என்றே நினைத்திருந்தாள். மண்ணுக்குள் எதையாவது ஒளித்துவைக்காத குடும்பம் அந்த ஊரில் இல்லை. ஆனால் இதில், முள்ளங்கிக்கு இருப்பதுபோலவே, வெள்ளையாக, மயிரிழையாக, ஈரமாக வேர்கள் தொங்கின, அவற்றில் மண் ஒட்டியிருந்தது, உதறினால் உதிர்ந்தது. கிண்ணத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு நீல டிராகன் ஓடியது. அதன் காலில் நகங்களை எண்ணினாள். ஐந்து. இன்னொரு காலையும் எண்ணினாள். பிறகு கிண்ணங்களைக் கூடையின் அடியில் அடுக்கி, மேலே முள்ளங்கிகளைப் பரப்பி, அவற்றுக்கும் மேலே தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டாள்.

ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு மட்டும் உரியது. இளவரசர்களுக்கு நான்கு நகம், மற்றவர்களுக்கு டிராகனே கிடையாது. ஊரின் நடுவே மதில் கட்டி அதற்குள் அரச சூளைகள் இருந்தன. அங்கே சுட்டெடுக்கும் நூறு கிண்ணங்களில் பத்துதான் படகேறித் தலைநகர் போகும், மீதித் தொண்ணூறில் ஒன்றுக்கு ஊசிமுனை அளவு குழி விழுந்திருக்கும், ஒன்றில் மெல்லிய விரிசல் ஓடியிருக்கும், ஒன்றில் டிராகனின் கண் கலங்கியிருக்கும், ஆனால் கெட்டுப்போனாலும் பேரரசரின் கிண்ணம் பேரரசருடையதுதான் என்பதால் அதை விற்கவோ கொடுக்கவோ அதில் சோறு தின்னவோ முடியாது, உடைத்துப் புதைக்கத்தான் வேண்டும். உடைப்பவன் யுன்னியாங்கின் கணவன் தெங். ஒவ்வொரு கிண்ணத்தையும் கவிழ்த்து, அடியில் ஆட்சிப்பெயர் எழுதிய ஆறு எழுத்துகளின் நடுவே சுத்தியலை இறக்கி, துண்டுகளை மதிலுக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டி மண்ணைத் தள்ளுவது அவன் வேலை. மதிலுக்கு வெளியே ஒரு கிண்ணம் முழுசாக அகப்பட்டால் முதலில் போவது உடைப்பவனின் தலை. அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த சூவுக்கு அப்படித்தான் ஆயிற்று. எங்கோ ஒரு தேநீர்க் கடையில் ஒரே ஒரு தட்டு. குழிக்கு மேலே கம்பத்தில் சூவின் தலை தொங்கிக்கொண்டிருக்க, அதன் கீழே நின்றுதான் தெங் தன் முதல் நாள் வேலையைச் செய்தான். அது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு.

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவனிடம் அவள் கூடையைக் காட்டினாள். எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை.

"யார் பார்த்தா?"

"யாரும் இல்ல."

"பக்கத்து வீட்டு குவேய்?"

"அவ கோழியத் தேடிக்கிட்டு இருந்தா."

"கோழி தேடுறவ கண்ணுக்குக் கோழி மட்டுமா தெரியும்?"

ஏழையும் பஞ்சு மெத்தைக்கு அடியில் வைத்து, சத்தம் வராமல் உடைத்தான். குழிக்குப் போகும் கதவு அந்த நேரத்தில் பூட்டியிருக்கும் என்பதால் துண்டுகளை அதே பாத்தியிலேயே புதைத்தான். மண்ணுக்குள் போனது போனதுதான் என்று பதினோரு ஆண்டுகளாக நம்பிய ஒருவன் வேறு என்ன செய்வான்? ஒன்பது நாள் மழை பெய்தது. பத்தாம் நாள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிண்ணம் முளைத்திருந்தது. அடித்துண்டிலிருந்து வந்தவை நேராக நின்றன, விளிம்புத் துண்டிலிருந்து வந்தவை சற்றே சாய்ந்து, மழைநீரை ஒரு பக்கமாக ஏந்திக்கொண்டு நின்றன. தெங் பாத்தியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குவேயின் குரல் வந்தது.

"ஏ யுன்னியாங், உங்க வீட்டுல டிராகனா, ஃபீனிக்ஸா?"

தெங் கூடையை இழுத்து அருகிலிருந்த கிண்ணத்தின்மேல் கவிழ்த்தான்.

"எங்க வீட்டுல எல்லாம் ஃபீனிக்ஸ். மகாராணி எங்க வெங்காயத்துக்கு நடுவுல குடித்தனம் வந்துட்டா. வந்தவ கொஞ்சம் களையாவது எடுக்கக் கூடாதா?"

அப்படித்தான் தெரிந்தது, தெருவில் எல்லா வீட்டிலும் முளைத்திருக்கிறது என்று. இருநூறு ஆண்டுகளாகக் குழியில் கொட்டியதெல்லாம் மழையில் கரைந்து இறங்கி ஊர் முழுக்கப் பரவியிருந்தது; கீரைப் பாத்தியிலும், பன்றிக் கொட்டிலின் ஓரத்திலும், கோயில் படிக்கட்டின் கற்களுக்கு இடையிலும் பேரரசரின் கிண்ணங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கிண்ணம் என்று யாரும் சொல்லவில்லை, காளான் என்றார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெண்கள் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொரு காளானுக்கும் பழைய வைக்கோல் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்கள், டிராகனின் நகத்தை எண்ணவேண்டிய கட்டாயம் யாருக்கும் வந்துவிடக் கூடாதென்று. தொப்பி தீர்ந்துபோன வீடுகளில் பழைய செருப்பையும் சல்லடையையும் கவிழ்த்தார்கள். புதைத்தால் பெருகும் என்று தெரிந்தபின் உடைத்ததை உரலில் இட்டு மாவாக இடித்து ஆற்றில் விட்டார்கள், ஆறு அரிசி கழுவிய தண்ணீர்போல் ஓடியது, கீழ்க்கரை ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீரில் துணி வெளுப்பாக வருகிறது என்று மெச்சினார்கள். மதியத்துக்குள் அவரவர் வீட்டுக் காளானை அவரவர் இடித்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. உலக்கைச் சத்தம் இல்லாவிட்டால் கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் உள்ளங்காலில் வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தால் அவள் அதிகாலையில் எழுகிறவள்.

இரண்டாம் ஆண்டு மழை மண்ணை இன்னும் ஆழமாக அறுத்தது. அப்போது இன்றைய பேரரசருடைய கிண்ணங்களுக்குப் பதிலாக அவருடைய தந்தையின் கிண்ணங்கள் வந்தன, பிறகு தாத்தாவின் கிண்ணங்கள், பிறகு வடக்கிலிருந்து குதிரைகளில் வந்து நூறு ஆண்டு ஆண்ட மங்கோலியர்களின் தடித்த பெரிய தட்டுகள், அவற்றுக்கும் கீழே, பெயர் எதுவும் எழுதாத, ஓவியமும் இல்லாத, பாலாடை நிறத்தில் அமைதியாக இருந்த சோங் வம்சத்துக் கிண்ணங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஜனங்கள் தங்கள் தோட்டத்தைத் தோண்டி வம்சங்களின் வரிசையைத் தெரிந்துகொண்டார்கள். கீரைப் பாத்தியில் ஒரு முழ ஆழத்தில் மங்கோலியர், இரண்டு முழத்தில் சோங். பழைய வம்சத்துக் கிண்ணங்களை யாரும் உடைக்கவில்லை. "செத்த ராஜா தலை கேட்க மாட்டான்" என்று சொல்லி குவேய் அவற்றில் கஞ்சி குடித்தாள். தெரு முழுவதும் குடித்தது.

தெங் மட்டும் எதிலும் குடிக்கவில்லை. மரக் கிண்ணத்தில் சாப்பிட்டான், தெருவில் போகும்போது கண்ணுக்குப் பட்ட ஒவ்வொரு வைக்கோல் தொப்பியின் கீழும் தன் தலையைப் பார்த்தான். ஊரில் ஆயிரம் பேர் இடித்தாலும் முழுசாக அகப்படும் ஒரு கிண்ணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன்தான். யுன்னியாங் ஒரு நாளைக்கு நான்கு முறை தோட்டத்தைச் சுற்றிவந்தாள். பிறகு குவேயின் தோட்டத்தையும் சுற்றிவந்தாள். குவேய் கேலி செய்தாலும் தடுக்கவில்லை.

சூளைகளுக்கு மேற்பார்வையாளர் அரண்மனையிலிருந்து வந்த, ஆண்மை நீக்கப்பட்ட அண்ணகர், பான் என்று பெயர், நடந்தால் மூச்சு வாங்கும் கனத்த மனிதர். அவருக்கு வேறு கவலை. தலைநகரில் சூரிய பீடத்தில் நடக்கும் வசந்தகால வழிபாட்டுக்கு நூற்றிருபது சிவப்புக் கிண்ணங்கள் கேட்டிருந்தார்கள். சிவப்பு எந்தச் சூளைக்கும் கட்டுப்படாத நிறம். நெருப்பு ஒரு மூச்சு கூடினால் ஈரல்போல் கறுக்கும், ஒரு மூச்சு குறைந்தால் சாம்பலாக வெளிறும். மூன்று குளிர்காலமாகச் சுட்டும் பதினொன்றுதான் தேறியிருந்தது. இதற்குமேல் தாமதித்தால் நேரில் வந்து விளக்கவும் என்று கடிதம் வந்திருந்தது. அரண்மனைக்கு விளக்கப் போன மேற்பார்வையாளர் எவரும் திரும்பியதில்லை. ஒரு முற்பகலில் அவர் குடை பிடிக்கும் ஆளோடு தெங்கின் தெருவில் இறங்கி நடந்தார். ஜனங்கள் வாசலில் மண்டியிட்டார்கள். குவேயின் வெங்காயப் பாத்தியில் நின்று, குடைக்காம்பால் ஒரு தொப்பியைத் தள்ளினார். உள்ளே சிவப்பாக, ஒரு புள்ளி குறையில்லாமல், இளஞ்சூடான கோழி முட்டைபோல் அது இருந்தது.

"இத எதுக்கு மூடி வெச்சிருக்கீங்க?"

"வெயில் ஜாஸ்தி, பெரிய ஐயா" என்றாள் குவேய்.

பான் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த தெங்கின் நெற்றியிலிருந்து வியர்வை மண்ணில் சொட்டியது.

"நட்டா எத்தன நாள்ல வரும்?" என்று கேட்டார் பான்.

அன்றிலிருந்து தெங் உடைப்பவன் அல்ல, விதைப்பவன். மதிலுக்குப் பின்னால் இருந்த நிலம் முழுவதையும் ஆழ உழுது, தேறாத சிவப்புக் கிண்ணங்களின் துண்டுகளை வரிசையாக ஊன்றினார்கள். சூளைகளில் நெருப்பு அணைந்தது. விறகு தள்ளியவர்கள் களை பறித்தார்கள், டிராகனின் செதில் மட்டும் வரைந்து பழகியவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், கண் மட்டும் வரைந்தவர்கள் காக்கை விரட்டினார்கள். உழவு ஆழமாகப் போனதால் நிலத்தில் எது எங்கே இருந்ததென்று வரிசை குலைந்தது, அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பதினெட்டு நாளில் நிலம் சிவந்தது. பான் தன் அறைச் சாளரத்தருகில் நின்று அழுதார் என்று குடை பிடிப்பவன் சொன்னான்.

அறுவடையன்று தெங் வேரை அறுத்து, துடைத்து, வைக்கோலில் சுற்றிக் கொடுத்தான். நாற்பதாவதோ ஐம்பதாவதோ கிண்ணத்தை, பழக்க தோஷத்தில், சுத்தியலை இறக்கப் போகிறவன்போலக் கவிழ்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஆறு எழுத்துகளின் முகம் தெரியும். பதின்மூன்று ஆண்டுகளாக அவற்றின் நடுவில்தான் அடித்திருக்கிறான். இது வேறு முகம். இன்னொன்றைக் கவிழ்த்தான், அதுவும் அப்படியே. மேல்வரிசையில் நின்ற பானின் ஆள் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தான். தெங் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான், மற்றவற்றைச் சுற்றிப் பெட்டியில் வைத்தான்.

மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, கணவனும் மனைவியும் ஃபாங்கின் வீட்டுக்குப் போனார்கள். அரச சூளையில் ஒரு கிண்ணம் எழுபது கை மாறும். அதில் அடியில் ஆட்சிப்பெயர் எழுதும் கை ஃபாங்குடையது. அவருக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒரு பூனை உண்டு. எழுதத் தெரிந்தது அந்த ஆறு எழுத்துகள் மட்டும்தான், அதனால் தெருவில் அவருக்கு ஆறெழுத்துப் பண்டிதர் என்று பெயர். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தவர் பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார்.

"மேல ரெண்டு எழுத்துலதான் வம்சத்தோட பேரு இருக்கும். இருநூறு வருஷமா 'மகா மிங்'தான் இருக்கு. இதுல வேற என்னவோ இருக்கு."

"என்ன பேரு அண்ணே?" என்றாள் யுன்னியாங்.

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஆறு. அதுல மூணுதான் இங்க இருக்கு."

"பழைய வம்சமா இருக்குமோ?" என்றான் தெங்.

"பழசு எல்லாந்தான் இந்த ரெண்டு வருஷத்துல பார்த்துட்டோமே. இது இன்னும் வரல." அவர் கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஆனா எழுதினவன் யாருன்னு தெரியும்."

தூரிகையைத் தண்ணீரில் நனைத்து வாசற்கல்லில் ஒரு கோடு இழுத்தார். முடிவில் கோடு சற்றே மேலே திரும்பி நின்றது. கிண்ணத்திலும் அப்படியே.

"நான்தான்."

கல்லில் இருந்த கோடு உலர்ந்து மறையும்வரை மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு வம்சம் வரும், வந்தவர்களின் பெயரையும் இந்தக் கைதான் எழுதும் என்பதில் ஃபாங்குக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை, பெருமையும் இல்லை. "கோடு முடியற எடம் நடுங்குது பாரு" என்றார், கிட்டத்தட்ட சந்தோஷமாக. "அப்போ எனக்கு வயசாயிருக்கும். அறுபது, எழுபது. பரவாயில்ல, நல்லா இருந்திருக்கேன்."

மறுநாள் படகுத்துறையில் மாகாண அதிகாரி ஒருவர் பெட்டியொன்றைத் திறக்கச் சொன்னார். பேரரசர் உயிரோடிருக்கும்போது அடுத்தவரின் பெயரை எழுதிய கிண்ணம் என்ன குற்றம் என்பதை அவர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செய்தவனைத் தன் படகில் ஏற்ற மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். பான் மூச்சு வாங்க தெங்கின் வாசல்வரை தானே நடந்துவந்தார், குடை இல்லாமல்.

"ஒருத்தன அனுப்பணும் தெங். உடைக்கிறவன், இல்லன்னா எழுதறவன். உடைக்கிறவன அனுப்பறதுதான் வழக்கம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளன்னைக்குக் காலையில முற்றத்துல எல்லாரையும் வெச்சுக் கேட்பேன். எழுதறது யாருன்னு ஊருக்கே தெரியும், ஆனா சாட்சி ஒண்ணு வேணும். யார் கைன்னு சொல்லிட்டா நீ வீட்டுக்குப் போகலாம்."

அவர் போனபின் தெங் தன் சுத்தியலை எடுத்துவந்தான். மறுநாள் பகல் முழுவதும் வாசலில் உட்கார்ந்து சுத்தியலின் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். சொல்லப்போவதில்லை என்று அவன் முதுகைப் பார்த்தே யுன்னியாங்குக்குத் தெரிந்தது. பிற்பகலில் கிண்ணத்தைக் கூடையில் வைத்து, மேலே முள்ளங்கி பரப்பி, தனியாக ஃபாங்கின் வீட்டுக்குப் போனாள்.

"ஆறெழுத்துக்காரன் வீட்டுக்கு முள்ளங்கியா?" என்றார் அவர்.

அவள் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். "உங்கள யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது அண்ணே."

"யார் சொன்னது?"

"இது சொல்லுது. நீங்க இத இனிமேதான் எழுதணும். எழுதாம எப்படிச் சாவீங்க?"

ஃபாங் அவளையே பார்த்தார். "தெங் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது."

"நீ கேட்கிறது என்னன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

பூனை கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போனது. ஃபாங் அடிப்பக்கத்து எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். யுன்னியாங்குக்கு எழுத்து தெரியாது, கைகளின் வித்தியாசமும் தெரியாது, இருந்தும் சொன்னாள், "உங்க கைதான் அண்ணே. பார்த்தாலே தெரியுது. சந்தேகமே இல்ல."

"அதுவும் சரிதான்" என்றார் ஃபாங். "உன் வீட்டுக்காரன்கிட்ட ஒரு தலைதான் இருக்கு. எங்கிட்ட தலையும் இருக்கு, எழுபது வயசும் இருக்கு." பிறகு, "இன்னைக்கு என்ன சமையல்?"

"முள்ளங்கி."

"நாளைக்கு?"

"முள்ளங்கிதான்."

"அப்போ நான் கிளம்பறதே நல்லது" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். வழியில் உரலடியில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தை மாவாக இடித்தாள், கை வலிக்கும்வரை, மாவு மாவாகவே இருந்தபிறகும்.

முற்றத்தில் நல்ல குளிர். பான் மாகாண அதிகாரியின் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, "இது யார் கை?" என்று தெங்கைக் கேட்டார். தெங் தரையைப் பார்த்தபடி, தனக்குப் படிக்கத் தெரியாது என்றான். இரண்டாம் முறை கேட்டதற்கும் அதையே சொன்னான். சேவகர்கள் அவன் தோள்களைப் பிடித்தபோது பின்வரிசையிலிருந்து ஃபாங் எழுந்தார். "அவனப் போய் கேட்கிறீங்களே பெரிய ஐயா. உடைக்கிறவனுக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான். என் கை அது." பானின் தோள்கள் இறங்கின. தெங் தலையைத் தூக்கவில்லை. யுன்னியாங் பெண்கள் கூட்டத்தில் நின்று தன் கணவனின் பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அடுத்து வருபவன் பார்த்துப் பழக, எழுதுபவன் மாதிரி ஓடு ஒன்று விட்டுப்போக வேண்டும் என்பது சூளையின் விதி. மேசை போட்டார்கள். ஃபாங் பன்னிரண்டு ஓடுகளில் தன் ஆறு எழுத்துகளை எழுதினார். ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தில் கை நடுங்கியது. "குளிரு" என்று சொல்லிச் சிரித்தார், குளிர் என்னவோ உண்மைதான்.

படகு நகர்ந்தபோது துறையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். "குவேய், பூனைக்கு மீன் போடு!" என்று ஃபாங் கத்தினார்.

"நீயே வந்து போடு!" என்று குவேய் பதிலுக்குக் கத்தினாள். யாரும் அழவில்லை. திரும்பி வரப்போகிறவனுக்கு எதற்கு அழ வேண்டும்?

சிவப்புக் கிண்ணங்களின் அடியில் அரக்கு பூசி எழுத்துகளை மறைத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். வழிபாடு நடந்தது, சூரியன் வழக்கம்போல் உதித்தது, பானுக்குப் பரிசாகப் பட்டு வந்தது. நிலத்திலும் தோட்டங்களிலும் சுண்ணாம்பு கொட்டினார்கள். இரண்டு ஆண்டு காளானும் முளைக்கவில்லை, முள்ளங்கியும் முளைக்கவில்லை. சூளைகள் மறுபடி எரிந்தன, தெங் மறுபடி சுத்தியலை எடுத்தான். ஃபாங் வருவார் என்பதில் ஊருக்கு ஐயமில்லை. அவர் வீட்டைப் பெருக்கினார்கள், கூரை ஓடுகளை மாற்றினார்கள், புது வருஷத்துக்கு அவர் வாசலிலும் சிவப்புத் தாளை ஒட்டினார்கள், பூனை கொழுத்தது. உப்புப் படகில் வந்த ஒருவன் மாகாணத் தலைநகரின் வடக்கு வாயிலில் ஒரு தலையைப் பார்த்ததாகவும் பலகையில் பெயர் ஃபாங் என்று படித்துக் காட்டினார்கள் என்றும் சொன்னபோது அவனைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். நாட்டில் எத்தனை ஆயிரம் ஃபாங்? இவர் இன்னும் எழுத வேண்டியது இருக்கிறதே, அவர் கையை நாங்கள் மண்ணிலிருந்து பிடுங்கிப் பார்த்தவர்களல்லவா என்று ஆளாளுக்கு விளக்கினார்கள், அவன் மன்னிப்புக் கேட்கும்வரை விடவில்லை. அவருக்காக ஊதுபத்தி ஏற்ற நினைத்த ஒரு கிழவரைக் கோயிலிலேயே அதட்டி உட்காரவைத்தார்கள். யுன்னியாங்கும் அவர் வீட்டைப் பெருக்கப் போனாள், மற்றவர்களைவிட அடிக்கடி போனாள்.

எழுத்து எழுத வேறு மாவட்டத்திலிருந்து வெய் என்பவனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கும் எழுத்து தெரியாது. அறையைச் சாத்திக்கொண்டு ஃபாங்கின் பன்னிரண்டு ஓடுகளை முன்னால் வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, ஓராண்டு எழுதிப் பழகினான். கெட்டிக்காரன், ஒரு மயிரிழை பிசகாது என்று பானே புகழ்ந்தார்.

ஃபாங் போன மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மதியம் தெங் சாப்பிட வந்தவன் உட்காராமல் நின்றான். சட்டைக்கையிலிருந்து ஓர் உடைந்த துண்டை எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தான்.

"புது ஆளு எழுதினது" என்றான்.

யுன்னியாங் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். சுத்தியலுக்குத் தப்பிய ஒன்றரை எழுத்து அதில் இருந்தது. கோடு முடியும் இடத்தில் சற்றே மேலே திரும்பியது. அங்கே நடுங்கியிருந்தது. எழுத்தோடு சேர்ந்ததென்று நினைத்து, அந்த நடுக்கத்தையும் ஒழுங்காக, அளவாகக் கற்றுக்கொண்டிருந்தான் வெய். நன்றாக எழுதப்பட்ட நடுக்கம். மண்ணிலிருந்து வந்த கிண்ணத்தில் இருந்ததும் இதேதான். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் இது தெரிந்தது.

"அவன் வயசு?" என்று கேட்டாள்.

"முப்பது இருக்கும்."

"இன்னும் நாள் இருக்கு."

"ஆமா" என்றான் தெங். "இன்னும் நாள் இருக்கு அவனுக்கு."

அவள் துண்டை உரலில் போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்து வேலைக்குப் போனான். இருவரும் அதைப் பற்றித் தெருவில் யாரிடமும் பேசவில்லை, தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை.

பத்தாம் மாதம் முதல் நாள், இறந்தவர்களுக்குக் குளிருக்கு உடை அனுப்பும் நாள். காலையிலிருந்து யுன்னியாங் நீலத்தாளில் அங்கிகள் வெட்டி, உள்ளே ஒரு சிட்டிகைப் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தெருமுனையில் வழக்கம்போல் எல்லாரும் கூடினார்கள். சாம்பலால் ஆளுக்கொரு வட்டம் போட்டு, இறந்தவர் வந்து எடுத்துக்கொள்ள ஒரு பக்கம் வாசல் விட்டு, பெயர் சொல்லிச் சொல்லிக் கொளுத்தினார்கள். குவேய் பக்கத்து வட்டத்தில் தன் புருஷனைத் திட்டிக்கொண்டே அங்கியைப் போட்டாள்: போன வருஷத்துதையே இன்னும் போட்டுக் கிழிச்சிருக்க மாட்டே, உயிரோட இருந்தப்பவும் நீ அப்படித்தான். சிலர் சிரித்தார்கள். யுன்னியாங் மாமனார் பெயரைச் சொல்லி ஒன்றை நெருப்பில் வைத்தாள், மாமியார் பெயரைச் சொல்லி ஒன்றை, தன் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒன்றை. கூடையில் இன்னும் ஓர் அங்கி இருந்தது. அதை எடுத்து, நீளமான கைகளை மடிப்புப் பிரித்துவிட்டு, பெயர் எதுவும் சொல்லாமல் வட்டத்துக்குள் வைத்தாள். குவேய் தன் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆற்றிலிருந்து காற்று எழுந்து நெருப்பைத் தரையோடு அமுக்கியது. தெங் எழுந்து அந்தப் பக்கமாக வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.